ஆய்வுக்கூடத்தில் ஒரு சடங்கு

சடங்கு எங்கே இருக்கும்? கோயிலில் இருக்கும், கொற்றவன் மாளிகையில் இருக்கும், மணப்பந்தலில் இருக்கும், பிணக்காட்டிலும் இருக்கும். "ஏன் செய்கிறாய்?" என்று கேட்டால், "எப்போதும் செய்வதுதானே!" என்ற விடை எங்கெல்லாம் பிறக்கிறதோ, அங்கெல்லாம் இருக்கும். ஆனால், ஐயத்தையே கருவியாகவும் ஆராய்ச்சியையே அணிகலனாகவும் கொண்ட அறிவியலாரின் ஆய்வுக்கூடத்தில் சடங்கு இருக்கலாமா?

இருந்தது, தோழர்களே! ஓராண்டு ஈராண்டு அன்று, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்தது. அதைக் கண்டவர் பலர். கண்டும் காணாதார்போல் நடந்தவர் பலர். கண்டதைக் கூசாமல் எடுத்துரைத்தார் ஒருவர். அவர் உரைத்ததால் மனித உடலைப் பற்றிய மாபெரும் உண்மையொன்று வெளிப்பட்டது. அந்த வரலாறு, பகுத்தறிவு பேசும் நம் முன்னே ஓர் அறக் கேள்வியையும் எழுப்புகிறது.

1925-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டுப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த காஸ்தோன் ரமோன் என்பார், தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து காணும் பணியில் ஈடுபட்டிருந்தார். அந்நோயின் நஞ்சை வலுவிழக்கச் செய்து குதிரைக்கு ஊசி வழியே செலுத்துவர். குதிரையின் குருதியில் மாற்று மருந்து விளையும். ஊசி குத்திய இடத்தில் வீங்கிச் சீழ் பிடித்த குதிரைகளில் அம்மருந்து மிகுதியாக விளைவதை ரமோன் கண்டார். உடனே, மரவள்ளி மாவு போன்ற பொருள்களை ஊசி மருந்தோடு கலந்து செலுத்திப் பார்த்தார். பலன் பெருகிற்று. மறு ஆண்டு, 1926-இல், இங்கிலாந்தில் கிளென்னி என்பார் படிகாரத்தைக் கலந்தார், பலன் பெருகிற்று. பின்னர் 1930-களில் பிராய்ண்டு என்பார் எண்ணெயையும் செத்த காசநோய்க் கிருமிகளையும் கலந்தார். பலன் பன்மடங்கு பெருகிற்று.

அன்று தொட்டு அது வழக்கமாயிற்று. தூய்மைப்படுத்திய புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் உடல் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். அதனோடு இந்தத் துணைப்பொருளைச் சேர்த்தால் துள்ளி எழும். ஏன்? கேட்பாரில்லை. குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது, ஆசான் செய்தார், மாணவனும் செய்தான். மந்திரம் ஒன்றுதான் ஓதவில்லை!

இத்தனைக்கும், நோய் எதிர்ப்பைப் பற்றிய கொள்கை ஒன்று கோலோச்சிக் கொண்டிருந்தது. ஆத்திரேலிய அறிஞர் பர்னெட்டு 1957-இல் வகுத்தளித்த கொள்கை அது. வெள்ளணுக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தைக் கண்டறியும் ஏற்பியைத் தாங்கி நிற்கின்றன. தன் உடலைத் தாக்கும் அணுக்கள் முன்னரே களையப்படுகின்றன. எஞ்சியவை அயலானைக் கண்டால் பெருகித் தாக்குகின்றன என்பது அதன் சாரம். நல்ல கொள்கை, பல சோதனைகளைத் தாங்கி நின்ற கொள்கை. ஆனால் ஒரு சிறு கேள்வி அதன் காலடியில் முள்ளாகக் கிடந்தது. அயலானைக் கண்டாலே தாக்கும் என்றால், தூய புரதமும் அயலான்தானே? அதைக் கண்டு உடல் ஏன் வாளாவிருக்கிறது?

1989-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் கூடிய அறிஞர் அவையில், ஏல் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லசு ஜேன்வே இக்கேள்வியை எடுத்து வைத்தார். துணைப்பொருள் இன்றி நம் சோதனைகள் நடப்பதில்லை. அதைச் சேர்ப்பதற்குரிய காரணத்தை நாம் அறியோம். இது நம் துறையார் வெளியே சொல்ல நாணும் இரகசியம் என்று வெளிப்படையாகவே கூறினார். கூறியதோடு நின்றாரா? இல்லை. காரணம் இன்னதாக இருக்கலாம் என்றும் ஏரணம் பிறழாமல் எடுத்துக்காட்டினார்.

வெள்ளணுக்களின் ஏற்பிகள் தற்செயலாக அமைபவை. மரபணுத் துண்டுகள் குலுக்கிச் சேர்க்கப்பட்டு அவை உருவாகும் முறையை விளக்கியமைக்காகத் தொனெகாவா 1987-இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். தற்செயலாக அமைந்த ஏற்பிக்கு, தான் பற்றிய பொருள் கொல்லும் கிருமியா, உண்ட சோறா என்று எப்படித் தெரியும்? தெரியாது. ஆகவே, அதற்கு முன்பே அபாயத்தை அறிந்து சொல்லும் பழங்காவலன் ஒருவன் உடலில் இருக்க வேண்டும். கிருமிகள் எளிதில் கைவிட முடியாத சில அடையாளங்கள் உண்டு. அவற்றின் சுவர்ப்பொருள் அத்தகையது. நம் உடல் அதைச் செய்வதில்லை. அவ்வடையாளத்தைக் காணும் ஏற்பிகள், குலுக்கலில் அல்லாமல் பரம்பரையாகவே வந்திருக்க வேண்டும். அவை எச்சரித்தால்தான் வெள்ளணு போருக்குப் புறப்படும். துணைப்பொருளில் கலந்திருந்த செத்த கிருமிகளே அந்த எச்சரிக்கையை எழுப்பின! ஜேன்வேயின் கருத்து இதுதான். அன்று அவர் கையில் சான்று இல்லை; சரியான கேள்வி இருந்தது.

அக்கேள்வி கடல் கடந்து சென்றது. தாசுகண்டில் பிறந்து மாசுகோவில் பயின்ற உருசுலான் மெட்சிதோவ் என்ற இளைஞர் அக்கட்டுரையைப் படித்தார், உள்ளம் பறிகொடுத்தார், ஜேன்வேயோடு தொடர்பு கொண்டு, 1994-இல் அவரது ஆய்வுக்கூடம் வந்து சேர்ந்தார். சோவியத்து ஒன்றியம் சிதைந்து, அறிவியலாரின் வாழ்வும் சீர்குலைந்திருந்த காலம் அது.

சான்றுகள் மூன்று திசைகளிலிருந்து வந்தன. 1996-இல், பிரான்சின் சிற்றாசுபூர் நகரில் ழூல் ஆப்மனும் புரூனோ லெமேத்தரும் குழுவினரும், 'டோல்' என்னும் மரபணு பழுதுபட்ட பழ ஈக்கள் பூஞ்சணத்துக்குப் பலியாவதைக் காட்டினர். 1997-இல், மெட்சிதோவும் ஜேன்வேயும் அதே குடும்பத்து ஏற்பி மனிதனிடமும் உண்டென்றும், அது கிளர்ந்தால் வெள்ளணுவை எழுப்பும் குறிப்புகள் தோன்றுகின்றன என்றும் மெய்ப்பித்தனர். 1998-இல், டல்லாசு நகரில் புரூசு பாய்ட்லரின் குழு ஒரு பழைய புதிரை விடுவித்தது. பாக்டீரியாவின் சுவர் நஞ்சுக்கு அசையாத ஓரின எலிகள் 1960-களிலிருந்தே அறியப்பட்டவை. நஞ்சு அவற்றைக் கொல்வதில்லை. ஆனால் அந்நஞ்சை உடைய கிருமிகள் சில எளிதில் கொன்றுவிடும். காரணம், அவ்வெலிகளில் டோல் குடும்பத்து ஏற்பியொன்று பழுதுபட்டிருந்தது. காவலன் குருடாயின் கூக்குரலும் இல்லை, காப்பும் இல்லை!

ஈயிடம் இருப்பது மனிதனிடமும் இருக்கிறது. படைப்பின் சிகரம் நான் என்று தருக்கித் திரியும் மனிதனைக் காப்பது, பழத்தை மொய்க்கும் ஈக்கும் அவனுக்கும் பொதுவான தொல்பெருஞ் சொத்து. இதை எண்ணுந்தொறும் இறுமாப்பு அழிகிறது; வியப்பு வளர்கிறது.

இனி, அறக் கேள்விக்கு வருவோம். பலன் தரும் ஒன்றைக் காரணம் அறியாமல் கடைப்பிடிப்பது குற்றமா?

"படிகாரம் கலந்தோம், குழந்தைகள் பிழைத்தன, போதாதா?" என்று கேட்கலாம். தொண்டை அடைத்து மூச்சுத் திணறும் குழந்தை, கொள்கை விளக்கம் வரும்வரை காத்திருக்காது. எனவே, பயன்படுத்தியது குற்றமன்று. ஆனால், "நேர்ந்துகொண்டேன், காய்ச்சல் தணிந்தது, போதாதா?" என்று பக்தனும் இதே குரலில்தானே கேட்கிறான்? இருவருக்கும் வேறுபாடு யாது?

வேறுபாடு உண்டு. படிகாரம் சேர்த்தும் சேர்க்காமலும் சோதித்துப் பார்த்தனர். நேர்த்திக்கடனை அவ்வாறு சோதிப்பார் இல்லை. படிகாரத்தைக் கேள்வி கேட்டவனைப் பாவி என்றுரைக்கவில்லை; மற்றதைக் கேட்டவனுக்கு நரகத்தைக் காட்டினர். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. எனினும், சோதித்ததோடு மனநிறைவு கொண்டு, "ஏன்" என்று கேளாமல் இருந்தது பாதிக் குற்றமேனும் ஆகும். அறியாமை குற்றமன்று; அறியாமையின்மேல் அறிவின் போர்வையைப் போர்த்துவதே குற்றம்.

மற்றொரு தடையும் எழும். "தெரியாது என்று அறிஞரே ஒப்புக்கொண்டால், அறிவியலின் பகைவர் அதைப் பற்றிக்கொண்டு, தடுப்பூசியே வேண்டாம் என்று கூவ மாட்டார்களா?" கூவுவர். ஆனால் ஜேன்வே தடுப்பூசியைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் ஆற்றலின் வேரைத் தேடச் சொன்னார். தேடியதால் விளைந்த நன்மை கண்கூடு. 2021-இல் உலக நல நிறுவனம் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்த மலேரியாத் தடுப்பூசியில், பாக்டீரியாவின் சுவர்ப்பொருளிலிருந்து நஞ்சு நீக்கி எடுத்த துணைப்பொருள் ஒன்று உண்டு. அது எந்த ஏற்பியைத் தட்டி உடலை எழுப்புகிறது என்பதை இன்று நாம் அறிவோம். கிளென்னியின் படிகாரமோ டோல் வழியன்றி வேறு வழியில் செயல்படுகிறது. அவ்வழியைத் துலக்கும் ஆய்வு ஓயவில்லை. ஒரு விடை எல்லாப் பூட்டுக்கும் திறவுகோல் ஆகாது என்பதையும் அறிவியல் மறைக்கவில்லை.

கேள்வி கேட்டவரின் கொள்கையும் கேள்விக்குத் தப்பவில்லை. பாலி மாட்சிங்கர் என்ற அமெரிக்க அறிவியலாளர், 1994-இல், உடலை எழுப்புவது கிருமியின் அடையாளம் அன்று, தன் அணுக்களுக்கு நேரும் சேதமே என்று வாதிட்டார். சிதைந்த அணுக்களும் எச்சரிக்கை தருவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இன்று இருவகை எச்சரிக்கைகளுக்கும் இடமுண்டு. எந்தப் பேராசானையும் பீடத்தில் ஏற்றிக் கற்பூரம் காட்டவில்லை.

பரிசின் கதை வேறு. 2011-இல் பாய்ட்லர், ஆப்மன், இசுடைன்மன் மூவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜேன்வே 2003-இலேயே புற்றுநோயால் மறைந்துவிட்டார். மெட்சிதோவின் பெயர் அதில் இடம்பெறவில்லை. நியாயமா என்று துறையறிஞர்கள் பலர் கேட்டனர். கேட்க வேண்டியதே. ஆனால் பரிசு பெறாததால் உண்மை சிறுத்துவிடவில்லை.

தோழர்களே! பிறர் வீட்டுச் சடங்கைக் கண்டு நகைப்பது எளிது. நம் திண்ணையில் படிந்த சடங்கைக் காண்பதே அரிது. மேடையில் கேட்டதை ஆராயாமல் மீண்டும் முழங்கினால் அது பகுத்தறிவா, பாராயணமா? "தலைவர் சொன்னார்" என்பதைச் சான்றாகக் காட்டினால், "சாத்திரம் சொன்னது" என்பவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? அவனது நூல் பழையது, நமது நூல் புதியது, அவ்வளவுதானே! கருஞ்சட்டை அணிந்தாலும் கதராடை அணிந்தாலும், காரணம் கேளாத நெஞ்சம் கர்ப்பக்கிருகமே.

ஜேன்வே தம் துறைக்கு இழுக்குத் தேடவில்லை. ஏற்றம் தேடித் தந்தார். தம் வீட்டுச் சடங்கைத் தாமே சுட்டிக்காட்டியவர் பகைவர் அல்லர், உறவினர், இல்லை, காவலர்! உடலில் முதலில் விழித்துக் குரல் கொடுக்கும் ஏற்பியைப் போன்றவர். அத்தகைய குரல் நம் பாசறையில் எழும்போது, "வாயை மூடு" என்போமா? "சொல், கேட்போம், சோதிப்போம்" என்போமா?

விடையை நாவால் அன்று, நடையால் கூறுவோம்.