பயப்படுவது அவிசுவாசமா?



புற்றுநோய் என்ற வார்த்தையை நம் சபைகளில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஜெபக்குறிப்புச் சீட்டில்கூட "ஒரு சகோதரியின் சரீர சுகத்துக்காக" என்றுதான் எழுதியிருக்கும். விசாரித்துப் போனால்தான் கீமோ ஏறுகிறது, கரண்டு வைக்கிறார்கள் என்று தெரியவரும். பார்க்கப் போகிறவர்களில் பலர் ஜெபித்துவிட்டு, "பயப்படாதீங்க, பயந்தா சத்துருவுக்கு இடம் கொடுத்த மாதிரி ஆயிடும்" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் அந்த வார்த்தை அந்த வீட்டில் என்ன செய்கிறது?

மார்பகப் புற்றுநோய்க்கு 21 நாளுக்கு ஒருமுறை கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு சகோதரி. மூன்றாவது தடவை போனபோது இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் குறைவு. டாக்டர் ஒரு வாரம் தள்ளிப் போட்டார். அந்த அம்மா என்னிடம் கேட்டது இதுதான்: "பாஸ்டர், நான் ராத்திரியிலே பயந்து அழுதேன். அதனாலதான் இரத்தம் குறைஞ்சு போச்சா?"

பிரியமானவர்களே, வியாதி ஒரு பாரம். அதன்மேல் நாம் ஏற்றிவைத்த இரண்டாவது பாரம் இது.

அணுக்கள் குறைந்ததற்கும் கண்ணீருக்கும் சம்பந்தமில்லை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. இரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும், முடியின் வேரும், வாயின் உட்தோலும் அப்படிப்பட்டவைதான். அதனால்தான் அணுக்கள் குறைகிறது, முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. தூக்கம் வராததற்கும் சில வேளை மருந்தே காரணம். வாந்தி வராமலிருக்கக் கீமோவோடு கொடுக்கிற டெக்ஸாமெத்தசோன் சிலருடைய தூக்கத்தைக் கெடுத்துவிடும். இன்னும் சிலருக்கு, மருந்து ஏறுவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்தாலே குமட்டும். முந்தின தடவைகளின் அவஸ்தையைச் சரீரம் ஞாபகம் வைத்திருக்கிறது. இதையெல்லாம் அவிசுவாசம் என்று பேரிட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

தைரியமாக இருந்தால்தான் பிழைக்கலாம் என்பதும் அப்படியே நம்பத்தக்கதல்ல. தலை, கழுத்துப் புற்றுநோய் கண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் செய்த ஒரு ஆய்வு 2007ல் வெளிவந்தது. மனநிலை நன்றாக இருந்தவர்கள் அதனால் அதிக காலம் உயிரோடிருந்ததாக அதில் தெரியவில்லை. ஒரே ஒரு ஆய்வுதான், ஒரு வகைப் புற்றுநோய்தான். ஆனாலும் அந்தச் சகோதரிக்கு அது ஆறுதலான செய்தி. 1977 முதல் நியூயார்க்கில் புற்றுநோயாளிகளின் மனநிலையைக் கவனிக்கும் பணியை நடத்திய ஜிம்மி ஹாலண்ட் என்ற டாக்டரம்மா, எப்பொழுதும் நம்பிக்கையோடேயே இரு என்று நோயாளியை நெருக்குவது ஒரு கொடுங்கோன்மை என்றே எழுதினார்.

வேதம் என்ன சொல்கிறது? கெத்செமனேக்குப் போங்கள். நம் ஆண்டவர் வியாகுலப்பட்டார். ஒரே ஜெபத்தை மூன்று தரம் ஜெபித்தார். லூக்கா எழுதியதைக் கவனித்துப் பாருங்கள்: தூதன் வந்து பலப்படுத்தியதை முதலில் சொல்கிறார், இரத்தத் துளிகளைப் போன்ற வியர்வையைப் பிறகு சொல்கிறார். பலன் வந்த பிறகும் வியாகுலம் போகவில்லை! இதை அவிசுவாசம் என்று சொல்ல எந்தப் பிரசங்கிக்காவது துணிவு வருமா? சீஷர்களிடம் அவர் கேட்டதும் பிரசங்கத்தை அல்ல. தம்மோடேகூட விழித்திருக்கச் சொன்னார். அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், சாகவேண்டும் என்றான். கார்மேலில் அக்கினியை இறக்கின அதே எலியா! தூதன் அவனைக் கடிந்துகொண்டானா? இல்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகலாய் ஒன்றும் பேசாமல் தரையிலே கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

கர்த்தர் சுகமாக்குகிறவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, கைவைத்து ஜெபிப்பதை நான் விடப்போவதுமில்லை. ஆனால் "பயப்படாதே" என்று தேவன் சொல்லும் இடங்களைத் தேடி வாசியுங்கள். சொல்கிறவர் கூடவே இருப்பதாகவும் வாக்குக் கொடுக்கிறார். அதனால்தான் அது ஆறுதல். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறவர் வாயில் அதுவே கட்டளையாகிவிடுகிறது. மருந்தை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டு என்று யாராவது வந்தால், அவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச விருப்பமில்லை.

மனபாரம் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண்ணைச் சொல்லச் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. நான்கோ அதற்கு மேலோ சொன்னால் கூடுதல் கவனிப்பு வேண்டும். தூக்கம் போனது, சாப்பாடு இறங்காதது, சாக வேண்டும் என்ற எண்ணம், எல்லாவற்றையும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநிலையைக் கவனிக்கவென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே போய்ப் பேசுவது ஜெபத்துக்கு விரோதமல்ல. கூடவே அலைகிற புருஷனையும் மகளையும், "நீங்க சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்று கேளுங்கள். அவர்களைக் கேட்க ஆளில்லை.

ஒரு காரியம் பாக்கி. சிகிச்சை முடிந்து, சபையில் சாட்சியும் சொல்லி, எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்ன பிறகு பலருக்குப் பயம் அதிகமாகிறது. சில மாதத்துக்கு ஒருமுறை செக்கப், ஸ்கேன், ரிப்போர்ட் வரும்வரை உறக்கமில்லாத இரவுகள். சாட்சி சொன்ன வாயால் பயமாயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி ஒருவர் ஆராதனை முடிந்தபின் உங்களிடம் மெல்ல வந்து சொன்னால், முதலில் ஸ்கேன் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூடப் போக முடியுமா என்று பாருங்கள்.