செடிக்குப் பாவம் உண்டா?

நீலகிரியின் மேல்மலைகளில், சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே நீர் தேங்கும் பள்ளங்களில், கரிய சதுப்பு நிலங்கள் உள்ளன. மடிந்த புல் அங்கே முற்றிலும் மட்காமல், அடுக்கடுக்காகப் படிந்துவிடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும் அவ்வடுக்குகளின் கார்பனை ஆராய்ந்து, பனியுகம் தொட்டு 20,000 ஆண்டுகளில் மாறி மாறி வந்த வறட்சியையும் மழையையும் கண்டறிந்து 1993-இல் வெளியிட்டனர். பனிப்பாறை மூடாத அம்மலை, பனியுகத்தின் நினைவைத் தன்னுள் காத்து வைத்திருக்கிறது.

அம்மலையின் ஈரப் புல்வெளிகளில் அழுகண்ணி இனத்தைச் சேர்ந்த சிறு செடி ஒன்று வளர்கிறது. அதன் இலை ரோமங்களின் நுனிதோறும் பனித்துளி போன்ற பசை மின்னுகிறது. அதை நாடி வந்தமரும் பூச்சி ஒட்டிக்கொள்கிறது. ரோமங்கள் வளைந்து அதைச் சூழ்கின்றன. இலையே அதைச் செரித்துவிடுகிறது. காண்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: இது இம்சை அல்லவா? இச்செடிக்குப் பாவம் உண்டா?

நீர் தேங்கிய அம்மண்ணில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு. சூரிய ஒளியால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் அச்செடி, மண் தராத சத்தை மட்டுமே பூச்சியிடமிருந்து பெறுகிறது. பாவம் என்பதற்கு 'நான் செய்கிறேன்' என்ற கர்த்தா உணர்வு வேண்டும். வேறு விதமாகச் செய்யும் சுதந்திரமும் வேண்டும். இவ்விரண்டும் செடிக்கு இல்லை. எனவே அதற்குப் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

அப்படியானால், 'கோபமும் ஆசையும் என் இயல்பு. நானும் குற்றமற்றவனே' என்று மனிதன் வாதிடலாமா? இயலாது. 'இது என் இயல்பு' என்று சொல்லத் தெரிந்தவன், அந்த இயல்பிலிருந்து சற்றே விலகி நின்று அதைக் காண்கிறான். காண முடிந்த கணத்திலேயே அதை நெறிப்படுத்தும் பொறுப்பும் அவனுடையதாகிவிடுகிறது. செடியைக் காக்கும் அதே வாதம் மனிதனைக் காக்காது.

இன்னும் ஒன்று உண்டு. பூச்சிக்காக இரங்கும் மனிதனின் காலடியிலேயே, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் படிந்த அந்த மென்மையான நிலம் நசுங்கக்கூடும். அவனுக்குத் தீய எண்ணம் இல்லை, கவனமும் இல்லை. முக்குருத்தி தேசியப் பூங்கா போன்ற இடங்களுக்குச் செல்ல வனத்துறையின் அனுமதி தேவைப்படுகிறது. தீங்கு நினையாதிருப்பது அகிம்சையின் முதற்படி. தான் அறியாமல் இழைக்கும் தீங்கை அறிய முயல்வது அதன் அடுத்த படி.

அழுகண்ணிக்குத் தீர்ப்பு வழங்க முற்படுபவன், முதலில் தன் பாதம் பதிந்த இடத்தைக் குனிந்து பார்க்கட்டும். விவேகம் அங்கிருந்தே தொடங்குகிறது.