திருகிப் பார்!

தம்பி, தங்கச்சி! அச்சரப்பாக்கம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு ரயிலுக்குக் காத்து நிற்கிறாய். காதில் ஹெட்போன், கையில் போன், போனுக்குள் இசை கட்டும் ஆப். ராத்திரி உட்கார்ந்து நீ போட்ட ட்யூனைக் காலையில் நீயே டெலீட் செய்கிறாய். ஏன்? “பொட்டியில தட்டறதெல்லாம் ஒரு பாட்டா?” என்று யாரோ கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்து உன் விரலை மடக்காதே! ஒரு பொட்டியின் கதையைக் கேள்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981-ல் டிபி-303 என்று ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. தனியாகக் கிடார் வாசிப்பவருக்குத் துணையாக அது பேஸ் கிடார் வாசிக்க வேண்டும். வாசித்தது, ஆனால் கேட்டவர் எவருக்கும் அது பேஸ் கிடாராகத் தோன்றவில்லை. விற்காததால் 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய பொருளாக மலிவாகப் போன அந்தப் பெட்டி, சிகாகோவில் ‘ஃப்யூச்சர்’ குழு இளைஞர்களின் கைக்கு வந்தது. அவர்கள் கையேட்டைத் தேடவில்லை. தாளம் ஓட ஓட, மேலே இருந்த குமிழ்களைத் திருகினார்கள். ஒன்றைத் திருகினால் ஒலி வாயை மூடித் திறந்தது. இன்னொன்றைக் கூட்டினால் கீச்சிட்டது, கெஞ்சியது, சிரித்தது. 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளிவந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையே அந்த விளையாட்டிலிருந்து கிளம்பியதுதான்.

அதற்கும் ஐந்து வருடம் முன்பே பம்பாயில் ஒரு மனிதர் அதே பெட்டியில் ராகம் வாசித்திருந்தார். சரண்ஜித் சிங். இந்திப் படப் பாடல்களுக்கு வாசித்துப் பிழைத்த கலைஞர். டிபி-303, டிஆர்-808 தாளப் பெட்டி, ஜூபிடர்-8 சின்தசைசர் மூன்றையும் இணைத்து, 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். நம் மோகனம் அங்கே பூபாலியாக, நம் ஹிந்தோளம் மால்கவுன்ஸாக அந்தப் பெட்டிகளில் ஓடின. சீந்துவார் இல்லை. 2010-ல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. எழுபதைத் தாண்டிய வயதில் ஐரோப்பிய மேடைகளில் ஏறி வாசித்தார் அந்தப் பெரியவர். அன்றைக்கு யாரும் வாங்கவில்லை என்று அவர் அதை அழித்திருந்தால்?

நம் ஊருக்கு வா. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி சீக்வென்சரைத் துணிந்து கையில் எடுத்தார். கோடம்பாக்கத்தில் ஒன்பது வயதில் அப்பாவை இழந்த ஒரு பையனின் குடும்பம், அப்பா விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வயிறு கழுவியது. அந்தக் கருவிகளோடு வளர்ந்த பையன் வீட்டிலேயே ஸ்டுடியோ கட்டினான். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. ஏ.ஆர்.ரஹ்மானைத் தெரியாதவர் இன்று யார்?

எந்திரத்தில் உயிர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறாயா? ‘குவான்டைஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அது நீ தட்டிய ஒவ்வொரு அடியையும் பிடித்து இழுத்துக் கட்டத்துக்குள் நிறுத்தும். டெட்ராய்ட்டின் ஜே டில்லா பல இடங்களில் அதை ஒதுக்கிவிட்டு விரலால் தட்டினார். ஓர் அடி மயிரிழை முந்தும், ஓர் அடி சற்றே பிந்தும். அந்தத் தள்ளாட்டத்தில் கேட்பவன் தலை தானாக ஆடும். அவருடைய எம்பிசி என்ற தாளப் பெட்டி இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எந்திரம் மட்டும் இருந்தால் போதாது என்பது உன் ஊர்க் கதைதான்! சிவன் முப்புரம் எரிக்கத் தேவர்கள் கூடி மகா தேர் ஒன்று செய்தார்கள். எல்லாம் இருந்தது, பிள்ளையாரை மட்டும் மறந்தார்கள். அச்சு முறிந்தது இந்த மண்ணில்தான் என்கிறது ஆட்சீஸ்வரர் கோயில் தலபுராணம். அந்தப் பிள்ளையை வணங்கிய பிறகே தேர் நகர்ந்தது. லட்ச ரூபாய்க்கு சாஃப்ட்வேர் வாங்கினாலும் உனக்குள் இருக்கும் பிள்ளையை மறந்தால் உன் பாட்டும் அப்படித்தான் நிற்கும்.

விளையாட்டு என்றால் இளக்காரமா? 2019 மே மாதம், ஒரு சுத்தியல் படத்தைப் பார்த்த நம் ஆள் ஒருவர், அது நேசமணி தலையில் விழுந்த கதையை எடுத்துவிட்டார். 2001-ல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த அந்த நேசமணிக்காக உலகமே ட்விட்டரில் பிரார்த்தனை செய்தது! மனசு நிறைந்து சிரிக்கத் தெரிந்த நமக்கு, அந்தச் சிரிப்பை இசைக்குள் கொண்டுபோகத் தெரியாதா?

ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது உன் தெருவுக்குப் பம்பைக்காரர் வருவார். இடுப்பில் இரட்டைப் பறை, மரத்தில் ஒன்று, உலோகத்தில் ஒன்று. அவரிடம் அனுமதி கேள். போனை நீட்டிப் பதிவு செய். லாரி ஹாரன் நடுவில் புகுந்தால் புகட்டும், அதையும் தாளத்தில் சேர். பிசிறை எல்லாம் செதுக்கித் தள்ளாதே. உன் பாட்டியின் அதட்டலை வெட்டி ஒட்டு. ஒலியைத் தலைகீழாக ஓட்டு. சுருதியைக் கண்டபடி ஏற்று, இறக்கு. பம்பைக்காரர் பெயரை உன் பெயருக்கு மேலே போட்டு, முதலில் அவருக்கே போட்டுக் காட்டு. “இன்னொரு தடவ போடு தம்பி” என்று அவர் சொன்னால் அன்று ராத்திரியே அப்லோட் செய். முகம் சுளித்தால், எந்த அடி உதைக்கிறது என்று அவரையே கேட்டுத் திருத்து. டெலீட் பட்டன் பக்கம் மட்டும் உன் விரல் போகவே கூடாது!