சொறிவது சுகமா?

சொறிந்தால் கிடைப்பது சுகமா, துன்பம் சற்று ஓய்ந்ததுதானா என்பது மெய்யியலில் பழைய கேள்வி. பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் இதைக் கேட்டுத்தான் கல்லிக்ளீசை மடக்கப் பார்க்கிறார்: நமைச்சல் கண்ட ஒருவன் வாழ்நாளெல்லாம் சொறிந்துகொண்டே இருக்க முடிந்தால், அவன் இன்பமாக வாழ்கிறான் என்று சொல்லலாமா? பௌத்தத்தின் ‘மாகந்திய சுத்தம்’ என்ற நூலில் ஒரு தொழுநோயாளி புண்ணைக் கரிநெருப்பில் காட்டுகிறான், இதமாக இருக்கிறது. நோய் தீர்ந்த பிறகு அதே குழியருகே இழுத்துப்போனால் திமிறுகிறான். நெருப்பின் சூடு அன்றும் இன்றும் ஒன்றே. நாகார்ஜுனரின் ‘இரத்தினாவளி’ சொறிவதில் சுகம் உண்டு என்று ஒப்புக்கொண்டு, நமைச்சலே இல்லாதது அதைவிடச் சுகம் என்கிறது.

இம்மூன்று நூல்களிலும் நமைச்சல் ஓர் உவமை. சென்னை எண்ணூர் கழிமுகத்தில் நீருக்குள் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களுக்கு அது உவமை அல்ல, தொழிலோடு வருவது. ஆகவே அங்கே ‘எதனால்’ என்ற கேள்வி முந்திக்கொள்கிறது.

பிறவித் துன்பங்களைத் திருக்குறள் உரையில் பரிமேலழகர் மூன்றாகப் பிரிக்கிறார்: தன்னால் வருவன, பிற உயிர்களால் வருவன, தெய்வத்தால் வருவன. நீரில் ஊறிய காலின் அரிப்பை இந்த வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். நெடுநேரம் ஊறினால், அதிலும் வெந்நீரும் சோப்பும் சேர்ந்தால், தோலின் மேலடுக்கிலுள்ள எண்ணெய்ப்பசை கரைந்துபோகிறது. கால் காயும்போது தோல் இறுகி அரிக்கிறது. இது தன்னால் வருவது. விரலிடுக்கில் ஈரம் தங்கி, தோல் வெளுத்து உரிந்து வரும் சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. பிற உயிர் என்ற சொல் இங்கே நேராகவே பொருந்திவிடுகிறது. புயலும் வெள்ளமும் தெய்வத்தின் கணக்கு. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்த எண்ணெய் எந்தக் கணக்கு? மழையைத் தெய்வத்தின்மேல் போடலாம். எண்ணெயை மனிதர்மேல்தான் போட வேண்டும். அதைக் கையால் அள்ளிய மீனவர்களின் தோல் எரிச்சலுக்கு முன்வினையைக் காரணம் காட்டுவது சோம்பலான சமயம்.

வினையைக் காரணம் காட்டும் கதை இந்தக் கரையிலேயே உண்டு என்பதும் உண்மை. திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த சுந்தரர், அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை இழந்தார் என்கிறது பெரியபுராணம். வழியில் உடலைப் பிணியும் பற்றியது. திருத்துருத்தியில், இன்றைய குத்தாலத்தில், குளத்தில் மூழ்கி எழுந்ததும் அது தீர்ந்தது. தன் தவறு இன்னதென்று அறிந்தவர் அவர்; அப்படியிருந்தும் பிணியைச் சுமந்துகொண்டே இருக்க நினைக்கவில்லை.

கொங்கு நாட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது திருஞானசம்பந்தர் பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கமே இந்த வாதம்தான். இது அந்த வினையின் பயன் என்று சொல்லத் தெரிந்தவர்கள், தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது அவர்களுக்கே குறை அல்லவா என்று கேட்கிறார். வினைக் கொள்கையை மறுக்காமலே, அதைக் கைகட்டி உட்காரச் சாக்காக்குவதை மறுக்கிறார்.

அப்படித் தேடினால் வழி எளிதுதான். சொறிந்தால் எழும் சிறு வலி நமைச்சலைச் சில நொடி அமுக்கும். பிறகு தோல் புண்பட்டு இன்னும் அரிக்கும். நாகார்ஜுனர் சொன்னது இங்கே மருத்துவமாகவும் நிற்கிறது. வீட்டில் கால்களை ஊறவைப்பவர்கள் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரத்துக்குள் நிறுத்தி, தேய்க்காமல் ஒற்றி, விரலிடுக்குகளை உலர்த்தி, ஈரம் முழுதும் வற்றுமுன் தேங்காய் எண்ணெய் தடவலாம். சேற்றுப்புண்ணுக்கு எண்ணெய் போதாது, பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு வேண்டும். தோலில் எந்தத் தடிப்பும் இல்லாமல் தண்ணீர் பட்டாலே உடம்பெல்லாம் அரித்தால் ரத்தப் பரிசோதனை தேவை; சிவப்பணுக்கள் மிகும் நோயின் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். கழிமுகத்துக் காலுக்கோ களிம்பு பாதி மருந்துதான். மறுநாள் இறங்கப்போவது அதே நீரில்.