விலையில்லா ஆக்கமும் ஒப்புரவும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. விலையின்றி வந்த பொருளின் குறைகளை ஆராய்வது நன்றியின்மை என்பதே அதன் கருத்து. பெறுபவனுக்கு இஃது ஏற்ற அறிவுரையாயிருக்கலாம். ஆனால், வழங்குபவனும் இதனைத் தன் குறைகளுக்குக் கேடயமாகக் கொள்ளலாமா? விலை பெறாதவனுக்குப் பொறுப்பும் இல்லை என்பது அறமாகுமா? வெறும் பொழுதுபோக்கெனக் கருதப்படும் ஒரு சிறு துறையை முன்வைத்து இவ்வினாவை நோக்குதல் தகும்.

கணினித் திரையிற் புகையிரதம் செலுத்தும் பாவனை விளையாட்டே அத்துறை. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசொப்ட் ட்ரெயின் சிமுலேற்றர் என்னும் மென்பொருள், விளையாடுவோர் தாமே புதிய பாதைகளை அமைத்தற்குரிய கருவிகளையும் கொண்டிருந்தது. பல நாட்டு ஆர்வலர்கள் தத்தம் ஊர்ப் பாதைகளையும் எஞ்சின்களையும் பெட்டிகளையும் ஆக்கி விலையின்றிப் பகிர்ந்தனர். அவ்வாக்கங்களை இயக்கவல்ல ஓப்பன் றெயில்ஸ் என்னும் மென்பொருளைப் பின்னர் தன்னார்வலர்களே உருவாக்கினர். உருவங்களை முப்பரிமாணத்தில் அமைத்தற்குரிய பிளெண்டரும் விலையின்றிக் கிடைக்கின்றது. ஆகவே, இக்கலையைக் கற்க விழையும் மாணவன் முதலில் எதிர்கொள்வது பிறர் உழைப்பையே. முன்னொருவர் அமைத்த பெட்டியைப் பிரித்துப் பார்த்தே சக்கரம் பொருந்தும் இடத்தையும், கைகாட்டி பாதையுடன் இணையும் முறையையும் அவன் அறிந்துகொள்கின்றான்.

ஈண்டு ஒரு வேறுபாடு கருதற்பாலது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் மயங்கும் இரு பொருள்களைத் தமிழ் 'இலவசம்' எனவும் 'கட்டற்றது' எனவும் பிரித்துக் காட்டுகின்றது. முன்னது விலையின்மையை மட்டுமே குறிக்கும். பின்னது மாற்றவும் மீளப் பகிரவும் உள்ள உரிமையைக் குறிக்கும். ஓப்பன் றெயில்ஸும் பிளெண்டரும் கட்டற்றவை. ஆர்வலர்களின் ஆக்கங்கள் பலவோ இலவசமானவை மட்டுமே. கற்பதற்காக அவற்றைப் பிரித்துப் பார்த்தல் குற்றமன்று; ஆக்கியோன் பெயரை நீக்கித் தனதாக வெளியிடுதல் களவாகும். பணம் இழந்தவர் எவருமிலர் என்னும் வாதம் நில்லாது. அங்கே இழக்கப்படுவன ஒருவரின் பெயரும் பலரின் நம்பிக்கையும் ஆகும். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கனடா இலங்கைக்கு வழங்கிய எம்2 வகை டீசல் எஞ்சின்கள் சில, அல்பேர்ட்டா, ஒன்ராறியோ எனக் கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியே ஓடின. கொடையில் கொடுத்தவர் பெயர் நிலைத்திருப்பதால் பெற்றவருக்கு இழுக்கு ஏதுமில்லை.

திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் இரு வேறு அதிகாரங்களாக வகுத்துள்ளது. ஈகை, இல்லாதவர்க்கு இருப்பவர் கொடுப்பது. ஒப்புரவோ, ஊரோடு கூடி வாழ்பவன் ஊருக்கு ஆற்றும் கடன். பிறர் பகிர்ந்தவற்றிற் கற்றுத் தானும் பகிர்பவனது செயல் ஈகையன்று, ஒப்புரவேயாகும். அவன் வள்ளலுமல்லன், பெறுபவர் இரவலரும் அல்லர். கடனைத் தீர்ப்பவன் செல்லாக் காசைக் கொடுத்தல் முறையன்று.

இக்கடன் வன்னியைப் பொறுத்தவரை தனிக் கனம் பெறுகின்றது. வவுனியாவிலிருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு வழியாக வடக்கே செல்லும் பாதையை ஒருவன் திரையில் அமைக்க முற்படுகின்றான் எனக் கொள்க. எந்த ஆண்டின் பாதையை அவன் அமைப்பது? 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்டு, 1956 முதல் யாழ்தேவி ஓடிய பாதை ஒன்று. 1990 ஜூனில் சேவை நின்றபின், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் பயன்பட்ட பாதை இன்னொன்று. இந்திய நிறுவனமான இர்கொன் மீளமைக்க, 2013 செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திற்கும் புகையிரதம் மீண்டும் வந்த பாதை மூன்றாவது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலத்துப் பாதையிற் போருக்குப் பின் எழுந்த நிலையக் கட்டடங்களை நிறுத்தினாற் காட்சி அழகாகலாம். ஆனால், காலம் பொய்யாகும்.

விலையின்றிப் பெற்ற தரவுகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். எண்டெவர் விண்ணோடம் 2000 பெப்ரவரியில் றேடார் கொண்டு அளந்த நில உயரங்கள் பாதை அமைப்போருக்கு எளிதிற் கிடைக்கின்றன. அடர்ந்த காட்டில் அவ்வலைகள் தரையை முற்றாக எட்டுவதில்லை. மரச்செறிவின் உயரமும் கணக்கிற் சேர்ந்துவிடும். ஆதலின் வன்னிக் காட்டின் சமதரை திரையில் மேடாகத் தோன்றக்கூடும். பெற்ற தரவைப் பழைய வரைபடங்களோடும், அப்பாதையிற் பணிபுரிந்த முதியோரின் நினைவுகளோடும் ஒப்புநோக்குதல் ஆக்குவோன் கடன். மாட்டின் பல்லைப் பார்க்க வேண்டியவன் பெறுபவனல்லன், கொடுப்பவனே.

விளையாட்டுக்கு இத்துணை நுணுக்கம் வேண்டுமோ என வினவலாம். கிளிநொச்சியில் இருபத்து மூன்று ஆண்டுகள் புகையிரதம் ஓடவில்லை. அக்காலத்தில் அங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தம் ஊரிற் புகையிரதத்தைக் கண்டதில்லை. அத்தகையோருக்குப் பழைய பாதையின் தோற்றம் இவ்விளையாட்டின் வாயிலாகவே அறிமுகமாகலாம். அங்கே பிழையாக நிறுத்தப்படும் ஒரு கட்டடம் நாளடைவில் அவர்தம் நினைவாகவே நிலைத்துவிடும்.

எனினும், முழுமை எய்தும்வரை எதனையும் வழங்கலாகாது என்பதும் பொருந்தாது. அவ்வாறாயின் கற்போன் எவனும் எதனையும் வழங்கமாட்டான். அவன் கற்ற முன்னோரும் வழங்கியிரார். அறம் வேண்டுவது முழுமையையன்று, வாய்மையையே. எந்த ஆண்டின் பாதை, எவரது ஆக்கங்கள் பயன்பட்டன, எவை அறியப்பட்டவை, எவை ஊகம் என்பவற்றை ஆக்கத்தோடு சேர்த்து எழுதி வைத்து, பின்வருவோர் திருத்துதற்கு உரிமையும் அளித்தால் அக்குறைவுடைய ஆக்கமே நேர்மையான ஒப்புரவாகும். விலையை விட்டுக்கொடுத்தல் ஒருவனது விருப்பத்தின்பாற்பட்டது. வாய்மையை விட்டுக்கொடுக்கும் உரிமை எவனுக்கும் இல்லை.