சாமி மலையேறிய பிறகு

பட்டிப்பொலவில் வேப்பமரம் வளராது. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கிற ஊர் எங்களுடையது; கடலிலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே. தை மாதத்து விடியற்பனி உருளைக்கிழங்குச் செடியையே கருக்கிவிடும். அதனால் மாரியம்மன் திருவிழாவுக்கு வேப்பிலை கீழேயிருந்து கோச்சியில்தான் வரும். சாக்குக்குள் பாதி வாடி வந்து இறங்கும் அந்தக் கொத்தைக் கையில் வாங்கியதும் என் அம்மாயிக்குச் சாமி வந்துவிடும்.

வருஷம் தவறாமல் ஒரே கேள்விதான். தப்புச் சத்தம் ஓங்கும்போது கரகத்துக்கு முன்னால் நின்று, “எம் புள்ளய எந்தக் கோச்சியிலடா ஏத்துனீங்க?” என்பார். கேட்பது அம்மன். யாரைப் பற்றிக் கேட்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்கள் தோட்டச் சனத்தைப் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கில் அம்மாயி இங்கே நின்றார். தங்கை குடும்பம் அங்கே போனது. இந்தியா போகத் தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டியை மலையகத்தில் அழுகைக் கோச்சி என்பார்கள். திருவிழா தவிர்ந்த நாட்களில் அம்மாயி அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

சாமி மலையேறியதும் பூசாரி திருநீறு பூசுவார். மறுநாள் காலையில் கோயில் தலைவர் வெள்ளைக் காகிதமும் தபால் காசுமாக வீட்டுக்கு வருவார். அம்மன் கேட்டுவிட்டாள், பதில் தேடிக் கொடுக்க வேண்டியது நம் கடமை என்பார். தமிழ்நாட்டில் கூடலூர்ப் பக்கம் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த சின்ன அம்மாயிக்குக் கடிதம் போகும். ஒன்பது வயதிலிருந்து அந்தக் கடிதங்களை எழுதியவள் நான்.

வடக்குப் பாதை 2014இல் யாழ்ப்பாணம் வரை திரும்பத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பொல்காவலையில் வண்டி மாறி, பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தேன். மதவாச்சி வரைக்கும் அது சின்ன அம்மாயி போன பாதை. உளவியலும் இந்து நாகரிகமும் எடுத்தேன். ஒரு கொப்பியின் முன்பக்கம் ஒரு பாடம், பின்பக்கத்திலிருந்து மற்றது. இரண்டும் நடுவில் எங்கேயோ அம்மாயியிடம் வந்து சந்திக்கும் என்று நம்பினேன்.

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில், பத்தாம் பதிப்பில், எஃப் 44.3 என்ற எண்ணின் கீழ் ஆவேச நிலை வருகிறது. வாசிக்கும்போது கை நடுங்கியது. ஆனால் அந்தப் பக்கத்திலேயே ஒரு வரம்பும் இருந்தது: தானாக, விரும்பாமல் வருவதும், சமயச் சடங்குக்கும் பண்பாடு ஏற்ற சூழலுக்கும் வெளியே நிகழ்வதுமே நோய். அம்மாயி நோயாளி இல்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு யோசித்தேன். நோய் இல்லை என்றதோடு அந்தப் புத்தகத்தின் வேலை முடிந்துவிட்டது. அவர் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது.

சைவ சித்தாந்தத்தில் அருள் பதிவதற்குச் சத்திநிபாதம் என்று பேர். மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நான்கு நிலை. இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்த உயிரில் அது நிகழும். ஆழமான சிந்தனை அது. இன்றும் எனக்கு அதில் பற்று உண்டு. ஆனால் தங்கையைக் கேட்டு நெஞ்சில் அடித்துக்கொள்ளும் ஒரு கொழுந்துக்காரியை அந்த நான்கு படிகளில் எந்தப் படியில் நிறுத்துவதென்று எனக்குப் புலப்படவில்லை.

வில்லியம் ஜேம்ஸ் கொஞ்சம் தூரம் கைபிடித்துக் கூட்டிப்போனார். சமய அனுபவம் உடம்பில் எங்கிருந்து கிளம்பியது என்பதை வைத்து அதன் மதிப்பைத் தீர்க்கக் கூடாது, அது தரும் கனியைப் பார் என்று 1902இல் வெளிவந்த நூலில் வாதிட்டவர் அவர். ஆனாலும் அவர் சமயத்தைத் தேடியது தனிமையில் இருக்கும் மனிதனிடம். லயத்தில் ஏது தனிமை? அம்மாயிக்கு வந்த அருளின் கனி அவரிடம் காய்க்கவில்லை. தலைவரின் சட்டைப்பையில் தபால் காசாகவும், என் விரலில் மையாகவும் காய்த்தது.

மட்டக்களப்பில், போர்க்காலத்தில், காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்கப் போனதை மானுடவியலாளர் பெட்ரீசியா லோரன்ஸ் எழுதியிருக்கிறார். வெளியே பேசினால் உயிருக்கு ஆபத்து என்றிருந்த காலம். வாக்குச் சொன்ன பெண்கள் அந்தப் பிள்ளைகள் பட்ட வேதனையைத் தங்கள் உடம்பில் உணர்ந்து சொன்னார்கள். அதைப் படித்தபோதுதான் எனக்கு வெளித்தது. வருவது சாமியா மனமா என்று நான்கு வருஷமாக அம்மாயியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றி நின்ற காதுகளைப் பார்க்கவில்லை. ஒரு வாக்கு மெய்யா என்பதில் பாதி, அதைக் கேட்டவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இப்படிச் சொல்வதால் அம்மனை ஊர் வழக்கம் என்று சுருக்கிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். நான் கும்பிடுகிறவள். கேட்கிறவர்களுக்குக் கடமை உண்டென்றால், பிரித்தறியும் கடமையும் அதில் சேரும். குறியை நம்பி அடுத்த வீட்டோடு தலைமுறைப் பகை வளர்த்தவர்கள் உண்டு. மருந்து வேண்டிய பிள்ளையைக் கோயில் திண்ணையில் மாதக்கணக்கில் வைத்திருந்தவர்களும் உண்டு. அங்கே உளவியல் படித்தவள் பேசாமல் இருப்பது பாவம். பெண்ணொருத்தி பதினெட்டு வருஷமாக ஒரே துயரத்தைச் சொல்லியும் அதை ஆட்டம் என்று மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதும் பாவம்தான்.

அம்மாயி இறப்பதற்கு முந்தின வருஷத் திருவிழாவுக்கும் வேப்பிலை வந்தது, தப்பு ஒலித்தது. அவர் கையில் கொத்தைப் பிடித்தபடி அமைதியாக நின்றார். சாமி வரவில்லை. இராத்திரி அடுப்படியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சிக்கு ஒரு காயிதம் எழுதணும், வா தாயி.”

தங்கச்சி என்ற சொல்லை அவர் வாயில் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். பிரிந்து நின்ற துயரம் தன் சொந்தக் குரலோடு சேர்ந்துவிட்டது என்று உளவியல் சொல்லும். பக்குவம் வந்துவிட்டது என்று சித்தாந்தம் சொல்லும். அந்த இரண்டு சொற்களையும் நான் மதிக்கிறேன். அன்றைக்கு இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன எழுத, அம்மாயி?

“அன்னிக்கு ஏத்தி விட்ட பொறவு, ராவுல கோச்சியில அவளுக்கு யாராச்சும் சோறு குடுத்தாங்களான்னு கேளு.”