பக்கத்து இருக்கைக்காரன்

கார்த்திகை பிறந்தால் குமுளியில் தெலுங்கு கேட்கத் தொடங்கும். சபரிமலைக்குப் போகும் ஆந்திர, தெலங்கானா சாமிமார்களின் பஸ்கள் மலையேறி வந்து நிற்கும். சிப்ஸ் கடைக்காரர் வாணலியை விட்டு நிமிராமலே நேந்திரங்காய் சிப்ஸின் விலையைத் தெலுங்கில் சொல்வார். தை பிறந்ததும் அந்த மொழி மலையிறங்கிவிடும். அதன்பிறகும் அதை இங்கே பிடித்து வைத்திருப்பது சினிமாதான்.

சுகுமார் இயக்கிய 'ஆர்யா' 2004இல் தெலுங்கில் வந்தது. அது மலையாளக் குரலில் கேரளத்துக்குள் நுழைந்ததிலிருந்து அல்லு அர்ஜுன் இங்கே 'மல்லு அர்ஜுன்' ஆகிவிட்டார். 2018இல் ஆலப்புழை நேரு டிராஃபி வள்ளங்களிக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கும் அளவுக்கு அந்தப் பித்து போனது. ஆனால் 2007 வாக்கில் கல்லூரியில் இருந்த எங்களுக்குத் தெலுங்குப் படம் என்றால் சேகர் கம்முலாவின் 'ஹேப்பி டேஸ்'. 2007 அக்டோபரில் வந்த படம். ஒரு பொறியியல் கல்லூரியில் சிலர் சேர்கிறார்கள், நான்கு வருடம் கழித்துப் பிரிகிறார்கள். கதை அவ்வளவுதான். மலையாளக் குரல் கொடுத்து வெளியிட்டதும் கேரளத்தில் அது நேரடி மலையாளப் படம் மாதிரி ஓடியது.

குமுளியில் தமிழ்நாட்டு பஸ் எல்லையோடு நின்றுவிடும். நான்கு எட்டு வைத்தால் கேரளம். கம்பம் இங்கிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான். அதனால் மலையில் வளர்ந்து கீழே போய்ப் படித்தவர்கள் எங்களில் நிறைய. (1956 நவம்பர் 1 அன்று எங்கள் பீர்மேடு கேரளத்தோடு போனது. அதே நாளில்தான் ஆந்திரப் பிரதேசமும் உருவானது. ஒரே நாளில் போட்ட கோடுகள். மூன்று மொழிக்காரர்களும் ஒரே சிடியைக் கேட்டு அலைவோம் என்று அன்று யார் கண்டார்கள்!)

எங்கள் கூட்டத்தில் குமுளிக்காரன் நான் ஒருவன்தான், எனக்கு மலையாளம் தெரியும். தேனிப் பக்கத்து நாயுடு வீட்டுப் பையன் ஒருவனுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. மற்ற இருவருக்கும் தமிழை விட்டால் வேறு கதியில்லை. மலையாள 'ஹேப்பி டேஸ்' பார்க்கப் போனபோது நான்தான் பண்டிதன். நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் காதில் ஓதிக்கொண்டே இருந்தேன். பின்வரிசைக்காரர் என் இருக்கையை உதைத்தும் நிறுத்தவில்லை. பிறகு தெலுங்கு சிடி கிடைத்தது. பதவி நாயுடு வீட்டுப் பையனுக்குப் போயிற்று.

அவன் தெலுங்கு, நாயக்கர் காலத்தில் தெற்கே வந்து குடியேறியவர்களின் தெலுங்கு. மாடு, மழை, மாமன் மச்சான் எல்லாம் அதில் பேசலாம், எழுத்து தெரியாது. ஹைதராபாத் மாணவர்களின் இங்கிலீஷ் கலந்த கேலிப் பேச்சு அதற்குப் பிடிபடுமா? ஆனால் தெரியாது என்று ஓரிடத்திலும் அவன் சொல்ல மாட்டான். புரியாத இடத்தில் சொந்தமாக ஒரு வசனத்தைப் போட்டுவிடுவான். எங்கள் விடுதிச் சாம்பாரும் வாத்தியார் ஒருவரின் இருமலும்கூட அந்த ஹைதராபாத் கல்லூரிக்குள் வந்து போயின. மலையாளத்தில் ஏற்கெனவே பார்த்திருந்த எனக்கு, அவன் பாதியை அடித்துவிடுவது நன்றாகவே தெரிந்தது. காட்டிக்கொடுக்கவில்லை. கம்முலாவின் படத்தைவிட அவன் படம் எனக்குப் பிடித்திருந்தது.

'ஹேப்பி டேஸ்' படத்தில் நாங்கள் எங்களையே பார்த்தோம் என்று சொன்னால் அது பொய். எங்கள் வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை. புரியாத படத்தைத் தேடிப் பார்ப்பதும் எங்களோடு தொடங்கியதில்லை. பாலசந்தரின் 'மரோ சரித்ரா' 1978இல் தெலுங்கில் வந்தபோது, டப்பிங் இல்லாமலேயே சென்னை சஃபையர் தியேட்டரில் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள் தமிழர்கள். அதன் நாயகனுக்கும் நாயகிக்குமே ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது.

2010இல் 'ஹேப்பி டேஸ்' தமிழுக்கே வந்தது, 'இனிது இனிது' என்று. பிரகாஷ்ராஜ் தயாரிப்பு, கே.வி. குகன் இயக்கம். நால்வருமாகப் போனோம். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அதனாலேயே யாரும் யார் பக்கமும் திரும்பவில்லை. எங்கள் தெலுங்குப் பண்டிதன் இடைவேளை வரை கைகட்டி உட்கார்ந்திருந்தான், வேலை போனவன் மாதிரி.

ஒத்த ரசனைதான் நட்பு என்கிறோம். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலே நண்பர்களானது புலவர்களுக்குச் சரிப்படும். எங்களைப் போன்றவர்களுக்குத் தோள் இடிக்கிற தூரம் வேண்டும். ஒத்த ரசனை ஒரே தியேட்டருக்குக் கொண்டுவந்து சேர்க்கும், அவ்வளவே. அங்கிருந்து பிரியாமல் வைத்தது எங்கள் போதாமை என்றே இப்போது தோன்றுகிறது. ஒருவனுக்கு மொழி வராது, ஒருவனிடம் டிக்கெட்டுக்குக் காசு இருக்காது, ஒருவனுக்குப் பரீட்சைக்கு முதல்நாள் வரை பாடம் எதுவென்றே தெரியாது. இல்லை என்று சொல்லக் கூச்சப்படாத வயது அது. இருக்கிறவன் கொடுப்பான்; கொடுத்தது சரக்கா போலியா என்று வாங்கியவன் உரசிப் பார்க்க மாட்டான். சம்பளம் வந்தது, அந்த இல்லாமைகள் ஒவ்வொன்றாக ஒழிந்தன. பேச்சு ஏன் குறைந்தது என்று பிறகு ஆளுக்கொரு காரணம் தேடினோம்.

இன்றைய பிள்ளைகளுக்கு மொழி புரியாத தொல்லை கிடையாது. 2021 டிசம்பரில் 'புஷ்பா' ஒரே நேரத்தில் ஐந்து மொழிகளில் வந்தது. வேண்டிய மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். நல்லதுதான், நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

போன விடுமுறையில் தேக்கடிக்குக் குடும்பத்தோடு வந்த தெலுங்குப் பண்டிதன் எங்கள் வீட்டில் தங்கினான். ராத்திரி தெலுங்கு 'ஹேப்பி டேஸ்' போட்டோம், கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. கொஞ்ச நேரம் படித்துப் பார்த்தான். "எவன்டா இதை எழுதினது? இவனுக்குத் தெலுங்கே தெரியலியே" என்றான். பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான். விடுதிச் சாம்பார் வந்தது. என் மகள் திரையைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள், என்னிடம் திரும்பினாள்.

"அப்பா, மாமா சொல்றது சரியா?"

"சரிதான்" என்றேன்.